மூன்றாம் தண்ணீர்

சேசு மரி சூசை

விழுப்புரம்
9-6-1958

அன்புள்ள அக்கா அமலோற்பவமேரிக்கு,

தம்பி ஞானராஜ் எழுதுவது. நேற்று நீங்கள் ஏறிய வண்டி நேரத்துக்குத் திண்டிவனம் போய்ச் சேர்ந்ததா? நான் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடி வருவதற்குள் சிக்னல் தாண்டிவிட்டது.

அக்கா, நான் என்ன தப்பு செய்தேன்? அதை மட்டும் நீ எனக்குச் சொல்லிவிடு. மாமா உன்னையும் தன் தம்பியையும் கூட்டிக்கொண்டு சிரித்த முகமாகத்தான் வந்தார். உன் கொழுந்தன் மரியதாஸ் நம் தங்கச்சி லூர்துவைப் பார்த்தார், லூர்துவும் பார்த்தாள், நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். கலியாணத்துக்குத் தேதி வைக்க வேண்டியதுதான் பாக்கி. அடுப்பில் கோழி கொதிக்கிறது. அந்த நேரம் பார்த்து மாமா எழுந்து, "மண்டிக்கு லோடு வர்ற நேரம், நாங்க கெளம்பறோம்" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை எந்த மல்லாட்டை மண்டியில் கடலை லோடு இறங்குகிறது?

நான் மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. நான் சைகோனில் துணிக்கடையில் இருந்தபோது, எதிர்க்கடைச் சீனர் தன் மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்களுக்கு ஒரு பழைய தேயிலையை உடைத்துப் போட்டுக் கொடுத்தார். நான் ஊருக்குக் கிளம்பும்போது அதே தேயிலையை எனக்கும் ஒரு கட்டு கொடுத்தார். அதற்கு 'போலே' என்று பேர். புளிக்க வைத்து, வட்டு வட்டாக அமுக்கி, வருஷக்கணக்காக ஆறப் போட்டு அப்புறம்தான் குடிப்பார்களாம். நம் வீட்டில் இருப்பது லூர்துவைவிட மூத்தது. நாடு திரும்பிய நாளாய் நான் அதில் ஒரு கிள்ளுக்கூட எடுக்கவில்லை. லூர்துவின் சம்பந்தத்துக்கு என்றே வைத்திருந்தேன்.

சீனர் செய்தபடியே நானும் செய்தேன். முதல் தண்ணீரை முற்றத்தில் கொட்டினேன். இரண்டாவதில் கிண்ணங்களை அலசினேன். மூன்றாம் தண்ணீரை மாமாவுக்கு என் கையாலேயே நீட்டினேன். அவர் ஒரு வாய் குடித்தார். கிண்ணத்தைப் பார்த்தார். உன்னைப் பார்த்தார். அப்புறம்தான் அவருக்கு லோடு ஞாபகம் வந்தது.

நீங்கள் வந்ததுமே உன் பையில் ஒரு வட்டு வைத்துவிட்டேன், சம்பந்தி வீட்டுச் சீர் மாதிரி. பதில் போடு. நம் அப்பா அம்மா இருந்திருந்தால் அவர்களைக் கேட்பேன். எனக்கு உன்னை விட்டால் யார்?

தம்பி,
ஞானராஜ்


சேசு மரி சூசை

திண்டிவனம்
13-6-1958

ஞானராஜுக்கு,

'அன்புள்ள' என்று போடக் கை வரவில்லை. மனசு ஆறினதும் சேர்த்துக்கொள்கிறேன்.

வண்டி முண்டியம்பாக்கம் தாண்டினதும் உன் மாமா ஆரம்பித்தார். மயிலம் வந்தும் ஓயவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த ஆள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டார்.

"உன் தம்பி என்ன என்னான்னு நெனச்சிக்கினு இருக்கான்? மொத டிகாஷன என் கண்ணெதிர்லயே முத்தத்துல ஊத்தறான். ரெண்டாவதுல ஏனம் கழுவறான். மூணாந் தண்ணிய கொணாந்து எனக்கு நீட்டறான். அதுவும் கொழந்தைக்கு மருந்து ஊத்தற பாலாட சைசுல கிண்ணம். பாலும் கெடையாது, சக்கரயும் கெடையாது. என்னா, எழவு வூடா அது, வரக்காப்பி குடுக்க?"

இப்போது தெரிகிறதா நீ என்ன செய்தாய் என்று? உனக்கு எப்படித் தெரியும், நீ ஆம்பளை. உனக்கு வருவது எப்போதும் முதல் டிகாஷன். எந்த வீட்டிலும் அதுதானே முறை? முதலாவது வீட்டு ஆம்பளைக்கும் வந்தவர்களுக்கும். இரண்டாவது மற்றவர்களுக்கு. அப்புறம் ஃபில்டரில் வெந்நீரை விட்டு அலசினால் ஒரு பழுப்புத் தண்ணி இறங்குமே, அது வாசல் பெருக்க வரும் முனியம்மாளுக்கும் எனக்கும். நான் இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளாய் நானும் முனியம்மாளும் ஒரே காப்பிதான். அவளாவது, "இன்னாம்மா இது, கைய கழுவன தண்ணியா" என்று கேட்டுவிடுவாள். நான் யாரைக் கேட்பது?

அதனால் மூன்றாம் தண்ணி என்றால் யாருக்கு என்று உன் மாமாவுக்கு நன்றாகத் தெரியும். அவர் என்னைப் பார்த்தார் என்று எழுதியிருந்தாயே, அதற்குத்தான்.

மரியதாஸ், "அண்ணா, எனக்கு அது நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிப் பார்த்தான். அவனுக்கு விழுந்த திட்டில் இரண்டு நாளாய் வீட்டில் சாப்பிட வரவில்லை. முகையூரில் ஒரு பெண் இருக்கிறதாம், ஜூலை கடைசியில் போய்ப் பார்க்கப் போகிறார்களாம். மண்டியில் தராசு பிடிக்கிற ஆளிடம்கூடச் சொல்லியாகிவிட்டது. என் தங்கச்சி இந்த வீட்டுக்கு வந்தால் பேச ஒரு ஆள் கிடைக்கும் என்று மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டிருந்தேன்.

நீ கொடுத்த சீரைப் பார்த்து, "புண்ணாக்கு குடுத்து அனுப்பியிருக்கான், மாட்டுக்கு வை" என்றார். வைத்தேன். மாடு மோந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. தூக்கிப் போட மனசு வராமல் பரணில் கருவாட்டுப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

முதல் தண்ணியை ஏன்டா கொட்டினாய்? எனக்கும் புரியவில்லை.

அக்கா,
அமலோற்பவமேரி


சேசு மரி சூசை

விழுப்புரம்
17-6-1958

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் அந்த வட்டைக் கருவாட்டுப் பானையிடமிருந்து பிரித்து எடு. பக்கத்தில் இருக்கிற வாசனையை எல்லாம் அது குடித்துவிடும். சூடம், சாம்பிராணி, வெங்காயம் எதுவும் கிட்டே கூடாது. தகர டப்பாவில் போட்டு இறுக்கி மூடாதே, காற்று வேண்டும். புதுச் சட்டியில் வைத்துத் துணியால் வாயைக் கட்டு.

உன் கடிதத்தைப் படித்த பிறகு எனக்குத் தலை சுற்றுகிறது. முதல் தண்ணீரை ஏன் கொட்டுகிறார்கள் என்று எனக்கும் சரியாகத் தெரியாது அக்கா. வருஷக்கணக்கில் தூசி ஏறியிருக்கும், அது போகத்தான் என்று நினைக்கிறேன். இல்லை, அமுக்கி வைத்தது இளக வேண்டும் என்றும் இருக்கலாம். எதிர்க்கடைச் சீனருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. நடுவில் தெரு. முதல் தண்ணீருக்குக் கையை வீசுவார், மூன்றாம் தண்ணீருக்குக் கட்டைவிரலைத் தூக்குவார். நான் கற்றது அவ்வளவுதான். நீங்கள் வந்த அன்றுதான் நான் முதன்முதலாகப் போட்டேன். தெரியாத வித்தையைச் சம்பந்தம் பேசுகிற அன்றைக்கா காட்டுவது என்று லூர்து கேட்டாள். அவள் கேட்டது அது ஒன்றுதான். அழுதிருந்தால்கூட ஏதாவது சொல்லித் தேற்றுவேன். அழவும் மாட்டேன் என்கிறாள்.

திண்டிவனம் வந்து மாமாவிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டு தடவை ஸ்டேஷன் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். வந்து என்ன சொல்வது? "மாமா, மூன்றாம் தண்ணீர்தான் உசத்தி" என்றால் திரும்பவும் அவமானப்படுத்துகிறேன் என்பார். தெரியாமல் கொடுத்துவிட்டேன் என்றால் அது பொய்.

ஒன்று செய். நீயே போட்டுப் பார். ஓரத்திலிருந்து கத்தி முனையை நுழைத்து நெம்பினால் இலை உதிராமல் வரும். புளியங்கொட்டை அளவுக்கு இரண்டு மூன்று துண்டு போதும். நன்றாகக் கொதித்த தண்ணீரை ஊற்றி உடனே வடித்துக் கொட்டிவிடு. மறுபடி ஊற்று. பாலும் சர்க்கரையும் சேர்க்காதே. குடித்துப் பார்த்து, நான் செய்தது மரியாதையா அவமரியாதையா என்று நீயே தீர்ப்பு சொல். எனக்கே இப்போது சந்தேகமாக இருக்கிறது.

உன் தம்பி,
ஞானராஜ்


சேசு மரி சூசை

திண்டிவனம்
1-7-1958

அன்புள்ள தம்பிக்கு,

போட்டேன்.

நீ சொன்னதைக் கேட்காமல் முதலில் பாலும் வெல்லமும் போட்டுக் கொதிக்க வைத்தேன். ஈரக் கோணியைப் பிழிந்த மாதிரி இருந்தது. முனியம்மாளுக்குக் கொடுத்தேன். அவள் மாட்டைப் போலவே செய்தாள். மறுநாள் நீ எழுதிய மாதிரி போட்டேன். ஆனால் முதல் தண்ணியைக் கொட்ட எனக்கு மனசு வரவில்லை. கண்ணெதிரே நிறம் இறங்குகிறது, அதைப் போய் யாராவது கொட்டுவார்களா? கை தன்னால் அதை உன் மாமா டம்ளரில் ஊற்றிவிட்டது. பழக்கம்.

அவர் மண்டியிலிருந்து வந்திருந்தார். சீனத்துக் கஷாயம், வயிற்றுக்கு நல்லதாம், கொழுப்பைக் கரைக்குமாம் என்று சொல்லி நீட்டினேன். உன் பேரை எடுக்கவில்லை. ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "மண்ணு வாட அடிக்குது" என்றார். ஆனாலும் கஷாயம் என்றால் கசந்தால்தான் நல்லது என்று நம்புகிறவர். தினமும் கொடு என்று சொல்லிவிட்டார்.

அவர் போன பிறகு வழக்கம்போல அந்த இலையிலேயே திரும்ப வெந்நீரை ஊற்றி எனக்கு எடுத்துக்கொண்டேன். இரண்டாவது சுமார். மூன்றாவதைக் குடித்தேன். ஞானராஜ், அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சுத்தமாக இருந்தது. கொஞ்சம் இனிப்பு மாதிரி, ஆனால் இனிப்பு இல்லை. தொண்டையில் இறங்கின பிறகும் வாயில் இருந்தது. நான் அடுப்பங்கரையில் முறத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். நாலாவதும் ஊற்றினேன், அதுவும் நன்றாக இருந்தது.

இந்த வீட்டில் நல்லது ஒன்று என் டம்ளருக்கு வந்தது இதுதான் முதல் தடவை. அதுவும் யாரும் கொடுத்து இல்லை, மிச்சமாக வந்தது. தினமும் அவருக்கு மண் வாடை, எனக்கு இது. நான் சொல்லவில்லை. சொல்லப் போவதும் இல்லை. இது பாவமா என்று சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் கேட்கலாம் என்று போய், வேறு எதையோ சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் இதில் வேறு ஒரு குழப்பம் வந்துவிட்டது. மூன்றாவதைக் குடித்துக்கொண்டே லூர்துவை நினைத்தேன். அவளை இந்த வீட்டுக்குக் கொண்டுவரத்தானே இத்தனை பாடு? வந்தால் முதலாவது அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும். மூன்றாவதை நானும் அவளும் முனியம்மாளும் பங்கு போட வேண்டும். மரியதாஸ் நல்ல பிள்ளைதான். உன் மாமாவும் கெட்டவர் இல்லை, என்னை ஒரு நாள் கை நீட்டி அடித்ததில்லை. நான் என்ன குடிக்கிறேன் என்று ஒரு நாள் கேட்டதும் இல்லை.

முகையூருக்கு 27-ஆம் தேதி போகிறார்கள். தடுக்கச் சொல்கிறாயா, விடச் சொல்கிறாயா?

அக்கா,
அமலோற்பவமேரி


சேசு மரி சூசை

விழுப்புரம்
5-7-1958

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போன மாசம் லூர்து வர மெழுகுவர்த்தி நேர்ந்தேன் என்றாய். இந்த மாசம் தடுக்கவா விடவா என்கிறாய். நான் யாரைப் பிடித்துக் கேட்பது? உன் கடிதத்தைக் கடையில் வைத்து நாலு தடவை படித்தேன். ஒரு அம்மாள் பாவாடைத் துணி கேட்டார், வேட்டியைக் கிழித்துக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் லூர்துவிடம், "ஏம்மா, நீ காலையில எந்தக் காப்பி குடிக்கிற?" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நீ குடிச்சப்புறம் இருக்கறத" என்றாள். நான் சைகோனிலிருந்து வந்த நாள் முதல் அப்படித்தானாம். நான் வருவதற்கு முன்னால் தனியாக இருந்தபோது முதல் டிகாஷன் குடித்திருக்கிறாள்.

அக்கா, இந்த வீட்டில் அவளும் நானும் இரண்டே பேர். இங்கேயே இப்படி என்றால் நான் எந்த வாயால் உன் வீட்டுக்காரரைச் சொல்வது?

மறுநாள் நானே எழுந்து முதல் டிகாஷனில் காப்பி கலந்து அவளுக்குக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னாண்ணா இது, கஷாயமாட்டம் கீது" என்று பாதியைக் கொட்டிப் பாலும் வெந்நீரும் ஊற்றிக்கொண்டாள். நான் செய்வது எதுதான் சரியாக வருகிறது?

அவளிடம் உன் கடிதத்தைக் காட்டிவிட்டேன். மறைக்கத்தான் நினைத்தேன், அவளே வாங்கிவிட்டாள். படித்துவிட்டு முருங்கைக் கீரையை உருவிக்கொண்டே இருந்தாள். அப்புறம் சொன்னாள், "எனக்கு அவர புடிச்சிருக்குது அண்ணா. ஆனா அக்கா மாதிரி அடுப்பங்கரையில ஒளிஞ்சிக்கினு ஒண்ண குடிக்க என்னால முடியாது. அக்காகிட்ட எழுது, அவங்க வூட்ல அக்கா என்னா குடிக்கிறாங்கன்னு மாமாவுக்குத் தெரியட்டும். அது தெரிஞ்சப்புறமும் அவரு கூப்பிட்டா வர்றேன்."

எழுதிவிட்டேன். இதைச் சொல்லி நீ வாங்கிக் கட்டிக்கொள்ளாதே. முகையூர்ப் பெண்ணே வரட்டும் என்று மாமா சொல்லிவிட்டால் லூர்து அப்புறம் என்ன ஆவாள் என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லாமல் இருந்தால் என்ன ஆவாள் என்றும் தெரியவில்லை. நீதான் மூத்தவள்.

உன் தம்பி,
ஞானராஜ்


சேசு மரி சூசை

திண்டிவனம்
18-7-1958

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்த நாளாய் எப்படிச் சொல்வது, எப்போது சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தேன். சோறு போடும்போது வாயைத் திறப்பேன், மண்டியில் எள்ளு விலை என்று அவர் ஆரம்பிப்பார், மூடிக்கொள்வேன். நானாகச் சொல்லவில்லை. பொய் எதற்கு.

திங்கட்கிழமை மழை பிடித்துக்கொண்டது. மல்லாட்டையை மூடிப் போட்டுவிட்டு அவர் பொழுதோடு வீட்டுக்கு வந்துவிட்டார். நான் முறத்தின்மேல் உட்கார்ந்து, மத்தியானம் அவருக்கு ஊற்றின இலையில் நாலாவதைக் குடித்துக்கொண்டிருக்கிறேன். வாசற்படியில் அவர் நிற்கிறார். எழுந்திருக்கக்கூடத் தோன்றவில்லை. கிட்டே வந்து டம்ளரை என் கையிலிருந்து வாங்கினார். அவர் என் டம்ளரைத் தொட்டதே இல்லை. குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"இன்னா இது?"

"உங்களுக்குத் தர்ற கஷாயந்தான்."

"அது மண்ணு மாதிரி இருக்கும். இது அது இல்ல."

"அது மொதத் தண்ணி. இது நாலாவது. என் தம்பி அன்னிக்கு உங்களுக்குக் குடுத்தது இதுல மூணாவது."

எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ. அவர் அடுப்பைப் பார்த்தார், இலை கிடந்த பாத்திரத்தைப் பார்த்தார், முறத்தைப் பார்த்தார். "அப்ப அவன் என்ன அவமானப்படுத்தலயா" என்று தனக்குத்தானே கேட்கிற மாதிரி கேட்டார். அதோடு விட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். கலியாணமும் நடந்திருக்கும். ஆனால் லூர்து சொன்னது என் காதில் இருந்தது. காலையில் வைத்த ஃபில்டர் அங்கேயே இருந்தது. அதில் வெந்நீரை விட்டு, இறங்கின தண்ணியில் பால் கலந்து அவரிடம் கொடுத்தேன். "இதான் நான் குடிக்கிற காப்பி. வந்த நாளா இதான். இதையும் குடிச்சுப் பாருங்க" என்றேன்.

அவர் குடித்தார். விழுங்கினது எனக்குத் தெரிந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மழை நிற்காமலேயே வெளியே போய்விட்டார்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் என்னோடு பேச்சில்லை. முகையூர்ப் பேச்சும் இல்லை. மரியதாஸ் என்னிடம், "அண்ணி, நீங்க எதுனா சொன்னீங்களா? அண்ணன் மண்டியில மூட்டைய எண்ணாமலே அனுப்பிக்கினு இருக்காரு" என்றான். உன் மாமா என்னைக் கூட்டிக்கொண்டு வந்து விழுப்புரத்திலேயே விட்டுவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். துணி மடித்து வைத்தேன் என்றால் பார்த்துக்கொள்.

நேற்று ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போது, முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "வர்ற ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சு விழுப்புரம் போறோம். உன் தம்பிக்கு எழுது. அந்தச் சீனாக்காரன் தண்ணிய கிண்ணத்துல ஊத்த வேணாம், டம்ளர்ல குடுக்கச் சொல்லு. கொட்டறத உள்ள வச்சே கொட்டச் சொல்லு, என் எதிர்ல வேணாம்." அவ்வளவுதான். மன்னிப்பு, கின்னிப்பு ஒன்றும் இல்லை. நீயும் ஒன்றும் கேட்காதே. கோழி அடி.

ஆனால் நான் இந்தக் கடிதத்தை ராத்திரியே எழுதாமல் இன்றைக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. லூர்துவுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல்தான் இருந்தேன். கூப்பிடுகிறார், சரி. ஆனால் மனசில் என்ன வைத்திருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்? உன் தேயிலை நன்றாக இருந்தது என்பதற்காகக் கூப்பிடுகிறாரா, இல்லை வேறு எதற்காகவா?

இன்றைக்குக் காலையில் நான் டிகாஷன் இறக்கிவைத்துவிட்டுப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அவர் அடுப்பங்கரைக்குள் வந்தார். இரண்டு டம்ளரை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முதல் டிகாஷனை அவரே எடுத்து இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம் ஊற்றினார். ஒரு ஆளுக்குப் போட்ட தூள்தானே, இரண்டு பேருக்குப் போதவில்லை. தூக்கிப் பார்த்துவிட்டு இரண்டாவதிலிருந்தும் கொஞ்சம் விட்டுக்கொண்டார். பாலை வேறு அதிகம் ஊற்றிவிட்டார். ஒன்றை என் பக்கம் தள்ளிவிட்டு, அங்கேயே நின்று குடித்தார்.

காப்பி இரண்டு பேருக்குமே நன்றாக இல்லை. நான் முழுசும் குடித்தேன். நாளைக்கும் இப்படி இருக்குமா என்று எனக்குத் தெரியாது. லூர்துவிடம் இதை மட்டும் படித்துக் காட்டு. இந்த வீட்டுக்கு வருவதா வேண்டாமா என்று அவளே சொல்லட்டும்.

அக்கா,
அமலோற்பவமேரி